கண்ணி என்னும் வீடும் அதன் இசையும்



சில மாதங்களுக்கு முன்பு ஆராதனை முடிந்தபின் ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். "பாஸ்டர், என் மகன் இரவும் பகலும் காதில் மாட்டிக்கொண்டு ஒரு பாட்டுக் கேட்கிறான். ராகம் ஒன்றும் தெரியவில்லை, வார்த்தை ஒன்றும் புரியவில்லை. தகரக் கூரையில் மழை விழுகிறதுபோல ஒரு சத்தமும், கீழே இடி முழங்குகிறதுபோல ஒரு சத்தமும்தான் கேட்கிறது. இது என்ன பாட்டு?" என்றார். உலகப் பாட்டு என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் முகத்தில் திருப்தி இல்லை. வீடு திரும்பும் வழியில் எனக்கும் இல்லை. அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும், காது கொடுத்துக் கேட்டதையும் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன்.

அந்தப் பாட்டுக்கு 'ட்ராப்' என்று பெயர். ஆங்கிலத்தில் அது கண்ணியையும் பொறியையும் குறிக்கும் சொல். எலிப்பொறிக்கும் அதுவே பெயர். சங்கீதங்களில் வேடன் விரிக்கிற கண்ணியைப்பற்றி வாசிக்கிற நமக்கு இந்தச் சொல் அந்நியமானதல்ல. ஆனால் அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அட்லாண்டா நகரத்துத் தெருப்பேச்சில் அதற்கு வேறொரு பொருள் உண்டாயிற்று. போதைப்பொருள் விற்கப்படும் வீட்டை, பெரும்பாலும் கைவிடப்பட்ட பழைய வீட்டை, அங்குள்ள கறுப்பின வாலிபர் 'ட்ராப்' என்று அழைத்தார்கள். வாங்க வருகிறவனும் அங்கே அகப்படுகிறான்; விற்க உட்கார்ந்திருக்கிறவனும் அகப்படுகிறான். அந்த வீட்டுக்குக் கண்ணி என்று பெயரிட்டவர்கள் வெளியே நின்ற போதகரோ போலீஸ்காரரோ அல்ல, உள்ளே இருந்தவர்களே என்பதை முதலாவது கவனிக்கவேண்டும்.

அந்த வீடு எப்படி உண்டாயிற்று என்பதற்கு ஒரு சட்டத்தின் கதையும் உண்டு. 1980-களில் கொக்கெயின் தூளைச் சமைத்துக் கட்டியாக்கி மலிவாக விற்கும் 'கிராக்' என்னும் போதைப்பொருள் அமெரிக்க நகரங்களின் ஏழைத் தெருக்களில் பரவியது. 1986-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசாங்கம் ஒரு கடுமையான சட்டம் இயற்றியது. அதன்படி 500 கிராம் கொக்கெயின் தூள் விற்றவனுக்கு எத்தனை வருஷம் சிறையோ, 5 கிராம் கிராக் விற்றவனுக்கும் அத்தனை வருஷம். குறைந்தது ஐந்து வருஷம். கிராக் வழக்குகளில் பிடிபட்டவர்களில் மிகுதியானோர் கறுப்பின ஏழைகள். நூற்றுக்கு ஒன்று என்கிற இந்த அநியாயத் தராசு 24 ஆண்டுகள் தொங்கியது. 2010-ல்தான் அதைத் திருத்தினார்கள். திருத்தியும் சமமாக்கவில்லை, பதினெட்டுக்கு ஒன்று என்று வைத்தார்கள். ஒரு தலைமுறைத் தகப்பன்மார் சிறைக்குப் போனார்கள். தாய்மார் இரண்டு வேலை பார்த்தார்கள். பையன்கள் தெருவில் வளர்ந்தார்கள்.

அட்லாண்டாவில் இதோடு இன்னொன்றும் நடந்தது. அமெரிக்க மத்திய அரசின் பணத்தில் ஏழைகளுக்காகக் கட்டப்பட்ட முதல் பொதுக்குடியிருப்பு, 1936-ல் திறக்கப்பட்ட டெக்வுட் ஹோம்ஸ், அந்த நகரத்தில்தான் இருந்தது. 1996 ஒலிம்பிக் போட்டிக்காக நகரம் தன்னை அலங்கரித்துக்கொண்டபோது அது இடிக்கப்பட்டது. அங்கே ஆரம்பித்த கடப்பாரை நிற்கவில்லை. நகரத்தின் மேற்கே பாங்க்ஹெட் பகுதியிலிருந்த போவன் ஹோம்ஸ் 2009-ல் இடிபட்டது. 2011-க்குள் பெரிய குடும்பக் குடியிருப்புகள் ஏறக்குறைய எல்லாமே தரைமட்டமாயின. விருந்தாளிகள் வருகிற சமயத்தில் ஏழைகளின் வீட்டைத் தட்டிவிடுகிற நகரங்களைப்பற்றி, பிழைப்புக்காக ஊர்விட்டு வந்து குடியேறிய வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டிய அவசியமில்லை.

இனி அந்த இடிமுழக்கத்துக்கு வருவோம். அது ஜப்பானிலிருந்து வந்தது. இகுடாரோ காகெஹாஷி என்பவர் சிறுவயதில் பெற்றோரை இழந்தவர்; வாலிபத்தில் காசநோயால் நெடுங்காலம் மருத்துவமனையில் கிடந்தவர்; கடிகாரம் பழுதுபார்த்துப் பிழைத்தவர். அவர் 1972-ல் ஒசாகாவில் நிறுவிய ரோலண்ட் நிறுவனம் 1980-ல் 'டிஆர்-808' என்னும் தாளப்பெட்டியை வெளியிட்டது. மேளக்காரர் இல்லாமலே பாட்டுக்குத் தாளம் போட்டுப் பழகுவதற்கான கருவி அது. விலை 1,195 டாலர். அதன் சத்தம் மெய்யான மேளத்தைப்போல இல்லை என்று பெரிய கலைஞர்கள் அதை ஒதுக்கினார்கள். ஏறக்குறைய 12,000 பெட்டிகள் மாத்திரமே செய்யப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் உற்பத்தியும் நின்றது. அதன் தனிப்பட்ட ஓசைக்கு ஒரு காரணம், குறையுள்ளவை என்று கழித்துவிடப்பட்ட டிரான்சிஸ்டர்களை காகெஹாஷி அதில் வேண்டுமென்றே பயன்படுத்தியது. அவை கிடைக்காமற்போனதும் பெட்டியும் நின்றுபோயிற்று.

விலைபோகாத அந்தப் பெட்டிகள் பழைய சாமான் கடைகளுக்கும் அடகுக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தன. புதுக் கருவி வாங்க வழியில்லாத கறுப்பின வாலிபர் அவற்றைச் சொற்ப விலைக்கு எடுத்தார்கள். மெய்யான மேளத்தில் இல்லாத ஒரு குணத்தை அதில் கண்டார்கள். அதன் பெரிய மேள ஒலியை நீட்டினால் அது அறைந்தவுடன் அடங்காமல் ஒரு ஸ்வரமாகக் கீழே ஓடிக்கொண்டே இருக்கும். மேளமே பாஸ் கிட்டாரின் வேலையையும் செய்தது. ஆகாதென்று தள்ளப்பட்டதைக்கொண்டு கட்டுவது வேதம் அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. ஆயினும் இவ்வளவு சொல்லர்த்தமாக அது நடந்ததைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன்.

தகரக் கூரையின் மழைச்சத்தம், இரண்டு தட்டுகள் சேர்ந்த 'ஹை-ஹாட்' என்னும் தாளக்கருவியின் ஓசை. கையால் அடிக்கமுடியாத வேகத்தில் அதை இயந்திரம் உதிர்க்கிறது. நிமிஷத்துக்கு 140 அடி ஓடும். ஆனால் கேட்கிறவன் தலை 70-க்குத்தான் அசையும். மேலே பதற்றம், கீழே நிதானம். இடையிடையே ஓர் அடியை மூன்றாகப் பகுத்து ஓடுவார்கள். நம்முடைய பழைய கீர்த்தனைப் புத்தகங்களில் பாட்டுக்குமேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்குமே, அங்கே திஸ்ரம் என்று காண்கிற அந்த மூன்றின் கணக்குதான் இதுவும். இந்தப் பாணியை அட்லாண்டாவுக்கு முன்பே, 1990-களின் தொடக்கத்தில், மெம்ஃபிஸ் நகரத்து வாலிபர் 'த்ரீ சிக்ஸ் மாஃபியா' என்னும் குழுவில் செய்துகாட்டினார்கள். பெயரைக் கேட்டாலே நம்மவர்கள் காதைப் பொத்திக்கொள்ளுவார்கள். பெந்தெகொஸ்தே சரித்திரத்தில் பெரும்பெயர் பெற்ற கறுப்பினச் சபையாகிய 'சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட்' ஸ்தாபனத்தின் தலைமையிடமும் அதே மெம்ஃபிஸ்தான். மற்றச் சபைகள் மேளத்தை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்த காலத்தில் அதை உள்ளே அழைத்துக் கைதட்டி ஆராதித்த சபை அது. ஒரே நகரத்துத் தாளம் இரண்டு வாசல்களில் ஒலித்தது.

1990-களில் அவுட்காஸ்ட், குடி மாப் ஆகிய அட்லாண்டா குழுக்களின் பாட்டுகளில் 'ட்ராப்' என்ற சொல் வந்துபோயிற்று. அதை ஓர் இசைவகையின் பெயராக்கியவர் டி.ஐ. என்று அழைக்கப்படும் கிளிஃபோர்ட் ஹாரிஸ். பாங்க்ஹெட் பகுதியில் வளர்ந்தவர். சிறுவயதிலேயே போதைப்பொருள் விற்று நீதிமன்றத்தைக் கண்டவர். 2003 ஆகஸ்டில் அவர் வெளியிட்ட 'ட்ராப் மியூசிக்' என்னும் இசைத்தட்டைப் பெருமையடிக்கும் தட்டு என்று எண்ணித்தான் நானும் கேட்கத் தொடங்கினேன். பெருமையும் கெட்ட வார்த்தையும் அதில் தாராளமாக உண்டு. ஆனால் 'டூயின் மை ஜாப்' என்ற பாட்டில், தெருமுனையில் நின்று விற்கிற பையன், தன்னைக் கண்டு முகம் சுளிக்கிற அக்கம்பக்கத்தாரிடத்தில் தன் நிலையைச் சொல்லி வழக்காடுகிறான். 'பீ பெட்டர் தேன் மீ' என்ற பாட்டில், தன்னைப்போல ஆகவேண்டாம் என்று இளைஞருக்குச் சொல்லுகிறான். ஒரே தட்டில் வேடனும் பறவையும் பேசுகிறார்கள், இருவரும் ஒரே ஆள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து 2005-ல் யங் ஜீஸி, கூச்சி மேன் என்ற இருவருடைய தட்டுகள் வந்தபோது இந்த வகை நிலைபெற்றது. இருவரும் சேர்ந்து பாடிய 'ஐசி' என்ற பாட்டைக்குறித்து அவர்களுக்குள் பகை மூண்டது. அந்த ஆண்டிலேயே கூச்சி மேன் இருந்த ஒரு வீட்டில் நடந்த தாக்குதலில் தாக்க வந்தவர்களில் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். தற்காப்புக்காகச் சுட்டேன் என்றார் கூச்சி மேன். போதிய சாட்சியமில்லை என்று வழக்கு 2006-ல் கைவிடப்பட்டது. 2020 நவம்பரில் அந்த இருவரும் அட்லாண்டாவில் ஒரே மேடையில் வந்து, பகைக்குக் காரணமான அதே பாட்டைச் சேர்ந்து பாடினார்கள். இடையில் சென்றது பதினைந்து ஆண்டுகளும் ஓர் உயிரும்.

அந்தப் பாட்டுக்கு இசையமைத்தவர் யார் என்று பார்த்தபோது எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. ஜெய்டோவன் என்று அழைக்கப்படும் சேவியர் டாட்சன், சபையில் வளர்ந்தவர், முடிதிருத்தும் தொழில் படித்தவர். வாரநாட்களில் வீட்டின் நிலவறையில் கூச்சி மேனுக்காக இசை அமைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஆர்கன் வாசித்தார். பெயர்பெற்ற பின்பும் அந்த ஆர்கனை விடவில்லை. ட்ராப் பாட்டுகளின் அடியில் ஒரு துக்கமான கீபோர்டு ஓடுகிறதே, ஆராதனையின் முடிவில் ஜெபத்துக்கு அழைக்கும்போது மெதுவாக வாசிப்பதுபோல, அந்த விரல்கள் எங்கே பழகின விரல்கள் என்பது இப்போது விளங்கியது. நம்முடைய சபையில் கீபோர்டு வாசிக்கிற தம்பி மற்ற ஆறு நாளும் என்ன வாசிக்கிறான் என்று நாம் கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை.

நம் சபைகளில் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. குடித்துக் கெட்ட காலத்தையும் மனைவியை அடித்த காலத்தையும் ஒரு சகோதரன் எழுந்து சொல்லும்போது ஒருவரும் எழுந்துபோவதில்லை. கதை எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் முப்பது வருஷம் மேடையில் உட்கார்ந்து சாட்சி கேட்டவனுக்கு வேறொன்றும் தெரியும். சிலர் பழைய பாவத்தைச் சொல்ல இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டு, விடுதலையை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். அந்த இருபது நிமிஷமும் அவர்கள் கண்ணில் ஒரு மினுமினுப்பு இருக்கும். ட்ராப் இசை அந்த இடத்தில்தான் நிற்கிறது. அதில் சாட்சி உண்டு. கதையின் திருப்பம் பெரும்பாலும் இல்லை. திருப்பத்தைப் பாடியவர்களும் இருந்தார்கள் என்பதற்கு 2003-ன் அந்தத் தட்டே அத்தாட்சி. ஆனால் சந்தை வாங்கினது மினுமினுப்பைத்தான். தன் வீதியில் ஒருநாளும் துப்பாக்கிச் சத்தம் கேட்டிராத பிள்ளைகள் அதைக் காசு கொடுத்து வாங்கினார்கள்.

சந்தையின் வேகம் பெரிது. 2010-ல் வர்ஜீனியாவைச் சேர்ந்த லெக்ஸ் லூகர் என்னும் பத்தொன்பது வயது வாலிபன், பெல்ஜியத்தில் உருவான ஒரு கணினி மென்பொருளைக்கொண்டு வீட்டிலிருந்தே அமைத்த முழக்கம் அமெரிக்கா எங்கும் பரவியது. 2013 பிப்ரவரியில் 'ஹார்லெம் ஷேக்' என்ற பாட்டு அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதில் கண்ணி வீடும் இல்லை, கதையும் இல்லை. குதிப்பதற்கான தாளம் மாத்திரம் இருந்தது. 2017 ஜனவரியில் மீகோஸ் குழு முதலிடத்துக்கு வந்தது. அந்த ஆண்டில்தான் ராப்பும் அதைச் சேர்ந்த கறுப்பின இசையும் ராக் இசையை முந்தி அமெரிக்காவில் அதிகமாய்க் கேட்கப்படும் இசையாயின. போர்ட்டோ ரிக்கோவில் ஸ்பானிய மொழியில் பாடினார்கள், கொரியாவிலும் பாடினார்கள். நம் தேசத்தில் பஞ்சாபி பாடகர் சித்து மூசேவாலா இந்தத் தாளத்தின்மேல் துப்பாக்கியைப் பாடினார். வன்முறையைத் தூண்டுவதாக 2020-ல் அவர்மேல் வழக்குப் பதிவாயிற்று. 2022 மே 29-ஆம் தேதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று நம் திரைப்பாடல்களிலும் விளம்பரங்களிலும் அந்த மழைச்சத்தம் கேட்கிறது. பையனுடைய காதிலிருந்து கருவியைப் பிடுங்கினாலும் அது தொலைக்காட்சி வழியாய் வந்துவிடும்.

2022-ல் இந்த இசை நீதிமன்றம் ஏறியது. யங் தக் என்று அறியப்பட்ட ஜெஃப்ரி வில்லியம்ஸ் உட்பட 28 பேர் ஒரு குற்றக்கும்பலாய்ச் செயல்பட்டார்கள் என்று அந்த மே மாதம் அட்லாண்டாவில் குற்றம் சாட்டப்பட்டது. அவர்களுடைய பாட்டு வரிகளையே சாட்சியமாக வாசித்தார்கள். பாட்டு என்பது வாக்குமூலமா, கற்பனையா என்று வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். நான் மகா பாவி என்று ஞாயிறுதோறும் பாடுகிற நம்மை ஒரு போலீஸ்காரரும் அழைத்துக்கொண்டு போவதில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஆனாலும் இந்தக் கேள்வி எளிதல்ல. இறந்தவர்கள் மெய்யாகவே இறந்தவர்கள். அவர்களுக்கும் தாய்மார் உண்டு. ஜார்ஜியா மாநில வரலாற்றில் மிக நீண்ட குற்றவிசாரணையாக அது ஆயிற்று. 2024 அக்டோபர் 31-ஆம் தேதி ஜெஃப்ரி வில்லியம்ஸ் சில குற்றங்களை ஒப்புக்கொண்டு, சிறையில் கழித்த இரண்டரை ஆண்டே போதும் என்ற தீர்ப்போடு, பதினைந்து வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பின்கீழ் வெளியே வந்தார். அந்த வழக்கு நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே, 2022 நவம்பர் 1-ஆம் தேதி, மீகோஸ் குழுவின் டேக்ஆஃப் ஹூஸ்டன் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 28. சண்டைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. பக்கத்தில் நின்றிருந்தார், அவ்வளவே.

சபைகள் இந்த இசையை என்ன செய்தன? முதலில் ஒரு பழைய கதை. 1899-ல் அட்லாண்டாவுக்கு அருகே ஒரு பிரசங்கியாரின் மகனாய்ப் பிறந்த தாமஸ் டார்சி, மதுக்கடைகளில் ப்ளூஸ் பியானோ வாசித்துக் கொச்சைப் பாட்டுகளால் பணம் சம்பாதித்தவர். அவர் அதே விரல்களோடு சபைக்கு வந்தபோது பல ஆலயங்கள் கதவடைத்தன. 1932-ல் பிரசவத்தில் மனைவியையும், உடனே அந்தப் பச்சைக் குழந்தையையும் இழந்த துக்கத்தில் அவர் எழுதினதே 'பிரஷியஸ் லார்ட், டேக் மை ஹேண்ட்'. நம் ஆங்கில ஆராதனைகளில் கண்ணீரோடு பாடுகிறோம். அதன் நடையில் ப்ளூஸ் இருக்கிறது என்று இப்போது ஒருவரும் குற்றம் சொல்லுவதில்லை.

2015-ல் சுவிசேஷப் பாடகி எரிக்கா கேம்ப்பெல் ட்ராப் தாளத்தில் ஒரு துதிப்பாட்டு வெளியிட்டபோது அதே பழைய சச்சரவு புதிதாய் எழும்பியது. தெருவின் சத்தத்தை ஆலயத்துக்குள் கொண்டுவரலாமா என்றார்கள். அதற்கு முந்தின ஆண்டு, போதைப் பழக்கத்தையும் தகப்பனில்லாத வீட்டையும் கடந்து வந்த லெக்ரே என்ற சகோதரனுடைய இசைத்தட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றிருந்தது. 2018-ல் அவரும் ஆர்கன் வாசிக்கும் ஜெய்டோவனும் சேர்ந்து முழுத்தட்டு ஒன்று செய்தார்கள். 'லெட் த ட்ராப் சே ஆமென்' என்பது அதன் பெயர். கண்ணி வீடும் ஆமென் சொல்லட்டும் என்று பொருள். அதை நான் இரண்டுமுறை கேட்டேன். தாளம் இன்னும் என் காதுக்கு வாடிக்கையாகவில்லை. அது என் வயதின் குறை. இந்தக் கதைக்கு அந்தத் தாளத்தைவிட ஏற்றது வேறொன்று இருக்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. கூச்சி மேனுடைய பாட்டுகளை வீட்டில் ஒலிக்கவிடலாமா என்று கேட்டால், கூடாது என்றே சொல்லுவேன். பெண்களைப்பற்றி அவற்றில் பேசுகிற விதத்துக்கு எந்தத் தெருவின் துயரமும் சாக்காக முடியாது.

2017-ஆம் ஆண்டு கோடையில் டூ செயின்ஸ் என்னும் பாடகர் தன் புதிய இசைத்தட்டின் விளம்பரத்துக்காக அட்லாண்டாவின் ஹவல் மில் சாலையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சுவர் முழுவதும் இளஞ்சிவப்புச் சாயம் பூசி, 'ட்ராப்' என்று பெரிய எழுத்தில் எழுதினார். வேடிக்கை பார்க்கவும் படம் பிடிக்கவும் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். சுத்த வியாபாரம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஜூலை 4-ஆம் தேதி, அமெரிக்கச் சுதந்தர தினத்தன்று, அந்த வீட்டில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசமாய் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஓர் ஆராதனையும் நடந்தது. போதகர் ஒருவர் வேதாகமத்தோடு அந்த வீட்டுக்குப் போனார். சில வாரங்களுக்குள் அந்தச் சுவருக்கு மறுபடியும் வெள்ளையடித்துவிட்டார்கள்.

அந்தத் தகப்பனாரை இந்த ஞாயிறு மகனையும் அழைத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். காதுக்கருவியையும் கொண்டுவரட்டும்.